சூரியன், இலை, தாமரை: சுவரோவியரிடம் கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: அண்ணா, பள்ளிச் சுவருக்குச் செங்காந்தள் வரையலாமா? விஷச் செடி என்கிறார் தலைமையாசிரியர்.

விஷம்தான், கிழங்கில் கூடுதல். ஆனால் படத்தை யாரும் தின்னப் போவதில்லை. மாநில மலர், தாராளமாக வரையுங்கள். செம்பருத்தி மாதிரி மட்டும் வரைந்துவிடாதீர்கள். காந்தள் தலைகவிழ்ந்து தொங்கும். இதழ்கள் பின்னால் மடங்கி மேலே எழும்பும். அடி மஞ்சள், நுனி சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. முதலில் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருக்கிறதா பாருங்கள்.

ராயபுரத்திலிருந்து: மெரினா சூரிய உதயம் வரைந்தேன். கட்சி விளம்பரமா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்!

சூரியனுக்கு இரண்டு பக்கமும் மலை வைத்தீர்களா? மெரினாவில் ஏது மலை? கடல் விளிம்பிலிருந்து நேராக எழுப்புங்கள், முன்னால் ஒரு கட்டுமரம் போடுங்கள், கதிர்க்கோடுகளை விடுங்கள். இந்த ஊரில் சூரியன், இரட்டை இலை, தாமரை மூன்றும் வாக்குச்சீட்டில் ஏறி எத்தனையோ காலமாகிவிட்டது. இலையா, கொத்தாகப் போடுங்கள். குளமா, ஆம்பல் போடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: அப்படியானால் கட்சிகளுக்குப் பயந்து தாமரையையே விட்டுவிடுவதா? கோயில் குளத்துப் பூ சார் அது!

கோயில் சுவரில் வரையுங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் வரைந்தால் தேர்தல் அறிவித்ததும் வெள்ளையடிக்க ஆள் வரலாம். பயம் இல்லை, அந்தத் தெரு அதை எப்படிப் படிக்கும் என்ற கணக்கு.

மயிலாப்பூர் மறுபடியும்: தெருவுக்குத் தெரிந்ததை மட்டும் வரைந்தால் அது கலையா?

தெரியாததையும் வரையலாம், இடம் பொருந்தினால். நெய்தல் நிலத்துப் புன்னையை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டாக மணலில் அழுத்திய விதை மரமாகிறது. அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறாள் ஒருத்தி. அம்மா அதை 'உன் உடன்பிறந்தாள்' என்கிறாள். அதனால் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக்கூடக் கூச்சப்படுகிறாள் மகள். சங்கப் பாட்டு. பெசன்ட் நகர்ச் சுவர் ஒன்றில் புன்னையும் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருந்தால் போதும். எந்தக் கட்சிக்கும் அந்த மரம் சொந்தமில்லை.

திருவான்மியூரிலிருந்து: குறிஞ்சிப் பூ?

கடற்கரையிலா? புன்னையைப் பற்றி மேலே பாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து: பள்ளிக்கரணைப் பூநாரை வரையலாமா?

வரையுங்கள். 2022 முதல் அந்தச் சதுப்புநிலம் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். சொல்லவும் காரணம் இருக்கிறது. ஓதம் பார்த்தீர்களா?

அம்பத்தூரிலிருந்து: சூரியன் வரையலாமா?

ராயபுரத்துக்குச் சொன்னதுதான்.

திருவொற்றியூரிலிருந்து: போன வருஷம் வரைந்தது பொடிப்பொடியாக உதிர்கிறது.

உப்பு பூத்திருக்கிறது. சுரண்டி, ஈரம் வரும் வழியை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, ப்ரைமர் அடித்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.