தோரணத்துக்கு எத்தனை கிராம் துணி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பெருந்துறை): ஆன்லைன்ல ஒரு வாசலுக்கான தோரணம் செய்யற கிட் ஒண்ணு 649 ரூபாய் போட்டிருக்குதுங்க. எங்களுக்கு நாலு வாசலுக்கு வேணும். திருப்பூர்ல பனியன் வேஸ்ட் வாங்கி நாமளே செஞ்சா கட்டுப்படியாகுங்களா? எத்தனை கிலோ வாங்கோணும், என்ன துணின்னு கேட்கோணும்?

பதில்: நாலு வாசல் என்பதால் தாராளமாகக் கட்டுப்படியாகும். ஒரே வாசல் என்றால் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டை வரைக்கும் போகவே வேண்டாம். பீரோவில் கிடக்கும் பழைய டி-சர்ட் இரண்டு, நிறத்துக்கு ஒன்றாக எடுத்தால் போதும்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண டி-சர்ட் துணி 180 ஜி.எஸ்.எம். அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம். மூன்றரை அடி வாசலுக்கு மேலே ஒரு பின்னல் கயிறும், அதில் ஒன்பது குஞ்சமும் வேண்டும். கயிற்றுக்கு 3 செ.மீ. அகலப் பட்டை மூன்று, ஒவ்வொன்றும் 1.75 மீட்டர். பின்னும்போது கால்வாசி நீளம் சுருங்கிவிடும், இரு பக்கமும் கட்டுவதற்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதால்தான் இவ்வளவு. இது 28 கிராம் வரும். ஒரு குஞ்சத்துக்கு 1 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் 12 பட்டை, ஆறரை கிராம். ஒன்பது குஞ்சமும் சேர்ந்து 58 கிராம். குஞ்சத்தின் கழுத்தில் சுற்றும் துணியையும் சேர்த்தால் தோரணம் ஒன்றுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு வாசலுக்கு 400 கிராம். கலவை மூட்டையில் உதவாத துண்டும் வரும் என்பதால் ஒரு கிலோ வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் கிலோ விலையை நாலால் வகுத்து, அதை 649 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டில் உருப்படியான வசதி ஒன்றுதான்: துணியை அளவாக வெட்டித் தந்திருப்பார்கள்.

கடையில் 'சிங்கிள் ஜெர்சி, காட்டன்' என்று கேளுங்கள், சாதாரண டி-சர்ட் துணிதான் அது. வெட்டிய விளிம்பைக் குறுக்குவாக்கில் இழுத்தால் துணி தானாகச் சுருண்டு குழல் மாதிரி ஆக வேண்டும். ரிப், இன்டர்லாக் என்ற வேறு வகைப் பின்னல் துணிகள் இரண்டும் அப்படிச் சுருளாது. பட்டை தட்டையாகவே நின்று பிசிறு தெரியும். ஃப்ளீஸ் பஞ்சு உதிர்க்கும். லைக்ரா கலந்தது அளவுக்கு மீறி இழுபட்டு, குஞ்சம் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக நிற்கும். பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும்.

எடை போடும் முன் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், பூஞ்சை வாடையும் வீட்டுக்கு வரும். துண்டுகள் ஒரு அடிக்கு மேல் நீளம் இருக்க வேண்டும். உள்ளங்கை அகலத் துண்டு எவ்வளவு மலிவானாலும் குஞ்சத்துக்கு ஆகாது. சிவப்பு, கருநீலத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துண்டு வேண்டாம். உப்பு, வினிகரில் ஊற வைத்தால் நிற்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். வெள்ளை வேஸ்டுக்கு விலை கூடுதல், துடைப்புத் துணிக்கும் நூல் மில்லுக்கும் அதுதான் போகிறது. தோரணத்துக்குக் கலர்தானே வேண்டும்.

செய்முறை: பட்டையைத் துணி நன்றாக இழுபடும் திசையில், அதாவது குறுக்குவாக்கில் வெட்டுங்கள். நெடுக்காக வெட்டினால் அவ்வளவு நன்றாகச் சுருளாது. தையல் கத்தரி வேண்டும், காகிதம் வெட்டிய கத்தரி பனியன் துணியை மெல்லும். பட்டை நீளம் பற்றாவிட்டால் இரண்டின் நுனியிலும் சிறு துளை போட்டு, ஒன்றை மற்றதில் நுழைத்து இழுத்தால் முடிச்சு தெரியாது. 12 பட்டையையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சுருட்டிய பிறகு, கயிற்றின் மேல் பாதியாக மடித்துப் போட்டு, கீழே 2 செ.மீ. விட்டு இன்னொரு பட்டையால் இறுக்கிச் சுற்றுங்கள். குஞ்சத்துக்குக் குஞ்சம் 12 செ.மீ. இடைவெளி. அடிப்பக்கத்தைச் சமமாக வெட்டுவது கடைசி வேலை, தோரணத்தைத் தொங்கவிட்ட பிறகுதான். தரையில் வைத்து வெட்டினால் மாட்டியதும் ஏற்ற இறக்கம் தெரியும்.

மணி, கண்ணாடி வைப்பதானால் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். குளூ கன்னில் சூடாக உருக்கி விடும் பசை மேற்குப் பார்த்த வாசலில் சித்திரை வெயிலுக்கு இளகும், கண்ணாடி ஒவ்வொன்றாகக் கீழே விழும்.

கேள்வி (பொள்ளாச்சி): தோட்டத்துல காதுகுத்து வெச்சிருக்கறோம். பந்தலுக்குக் குருத்தோலைத் தோரணம் வெளியில வாங்கினா செலவாகுது. நம்ம மரத்துலயே குருத்து வெட்டிக்கலாங்களா?

பதில்: காய்க்கிற மரத்தில் வெட்டாதீர்கள். தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். குருத்து என்பது இனி விரிய வேண்டிய மட்டை, அதைக் கெடுத்தால் ஒரு பாளைக்குப் பங்கம். அதை விடப் பெரிய ஆபத்து வேறு. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அரிவாள் ஆழமாக இறங்கி அதில் பட்டால் மரமே போய்விடும். வெட்டுக்காயத்து வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். காசு மிச்சம் பிடிக்கப் போய் மரத்தை இழப்பானேன்?

எப்படியும் வெட்டிச் சாய்க்கப் போகிற மரம் இருந்தால் அதன் குருத்தை எடுங்கள். இல்லாவிட்டால் வெளியில் வாங்குங்கள், ஆனால் ஓலையாக வாங்குங்கள். கட்டிய தோரணத்தின் விலையில் கூலியும் சேர்ந்திருக்கும். விசேஷத்துக்கு முந்தின நாள் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். ஈர்க்கை உரித்துவிட்டு மடித்தால் ஓலை உடையாது. விரிந்த பச்சை ஓலையிலும் கிளி, கூடை எல்லாம் முடையலாம். விறைப்பாக இருக்கும், வெளுத்த நிறம் கிடைக்காது, ஆனால் மரத்துக்குச் சேதமில்லாமல் அடிமட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (கோபி): தெர்மாகோலில் பெயர் எழுத்து வெட்டி ரப்பர் பசையால் ஒட்டினேன். ஒட்டின இடமெல்லாம் குழிந்து போய்விட்டது. பசை போலியா?

பதில்: பசை சரியானதுதான், பொருத்தம்தான் தப்பு. ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைக் கரைக்கும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான். தெர்மாகோலுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டும் போதும். இரண்டு தெர்மாகோலுக்கு நடுவில் பசையின் ஈரம் வெளியேற வழியில்லாததால் காய நேரமாகும். பல்குச்சி குத்தி நிறுத்தி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் குளூ கன், ஆனால் பசையை நேராகத் தெர்மாகோல் மேல் விடாமல் அட்டையில் விட்டு, சூடு கொஞ்சம் தணிந்த பின் ஒட்டுங்கள். கன் வாங்கும்போது குச்சியின் தடிமனைக் கேளுங்கள்: சிறிய 20 வாட் கன்னுக்கு 7 மி.மீ. குச்சி, பெரியவற்றுக்கு 11 மி.மீ. மாற்றி வாங்கினால் குச்சி வீண்.

கேள்வி (கோவை): காலி பாட்டிலுக்குள் போட சீரியல் லைட் வாங்க டவுன்ஹால் பக்கம் போனேன். பாக்கெட்டில் விலை, கம்பெனி எதுவுமே இல்லை. வாங்கலாமா?

பதில்: 230 வோல்ட்டில் நேராகச் செருகும் செட் என்றால் வேண்டாம். எல்.இ.டி. சரவிளக்குக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். பாட்டிலுக்கு 5 வோல்ட் யு.எஸ்.பி. வயர் செட்டே மேல். மூடியிலேயே பட்டன் செல் உள்ள வகை முதல் விலையில் மலிவு, ஆனால் எல்.ஆர்.44 செல் மூன்றும் சீக்கிரம் தீரும். அடுத்தடுத்து செல் வாங்கும் செலவு லைட்டின் விலையைத் தாண்டிவிடும். சிறு குழந்தை உள்ள வீட்டில் பட்டன் செல்லே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

பாட்டிலுக்குள் லைட்டோடு பூ வைக்க ஆசை என்றால் அதற்குக் காசு தேவையில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வாங்கும் பூளைப்பூவில் மிஞ்சியதைத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்துங்கள். காய்ந்தாலும் வடிவம் மாறாது. ஆவாரம்பூவுக்கு அந்தக் குணமில்லை, உதிர்ந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): 500 பாசிமணி என்று போட்ட பாக்கெட்டை ஆன்லைனில் வாங்கினேன். எண்ணினால் 380. 'ரிட்டர்ன் தேதி முடிஞ்சது' என்கிறார்கள்.

பதில்: ரிட்டர்ன் தேதி அவர்கள் வைத்த விதி. சொன்ன எண்ணிக்கையை விடக் குறைவாக அனுப்புவது சட்டத்துக்குப் புறம்பானது, அதற்கு அந்தத் தேதி கவசமாகாது. பாக்கெட்டில் எண்ணிக்கை அல்லது நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இருக்க வேண்டும். ஆன்லைன் பக்கத்திலும் இந்த விவரங்களைக் காட்ட வேண்டும். எடைக் கணக்கில் விற்கும் 10 கிராமுக்கு உட்பட்ட குட்டிப் பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்தப் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு விற்பனையாளர் 500 என்பதை 350 என்று மாற்றிவிடக்கூடும். பில், பாக்கெட் லேபிள், பத்துப் பத்தாகக் குவித்த மணியின் படம் ஆகியவற்றோடு விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 120 மணிக்காக அலைவது வீண் என்று தோன்றலாம். 1915-க்குப் போன புகாரிலேயே வேலை முடிந்துவிடவும் கூடும். அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எடை போட்டுப் பாருங்கள்: 50 மணியை எண்ணி நிறுத்தால் மொத்த எண்ணிக்கையை எடையிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.