அறுநூறு பாடவேளையும் ஒரு தொலைபேசி அழைப்பும்

வாசகர் கேள்வி – பதில்

(வேறு நாட்டில் குடியேறி அங்குள்ள மொழியைக் கற்றுவரும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். குடியேறிய பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஜெர்மன் மொழி கற்பித்துவரும் அனுபவமே இந்தப் பதில்களுக்கு அடிப்படை. கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: ஜெர்மனிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது 41. குடியேறியவர்களுக்கு இங்கே நடத்தப்படும் ஒருங்கிணைப்பு (மொழி) வகுப்பின் 600 பாடவேளைகளையும் ஒரு நாள்கூடத் தவறாமல் முடித்தேன். தேர்வில் பி1 என்ற மொழித்திறன் நிலை கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான ஏ2 என்றே சான்றிதழ் வந்தது. என்னுடன் படித்த ருமேனியாக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் எளிதாகத் தேறிவிட்டார்கள். எனக்கு இனி மொழி வராதா? வயதுதான் காரணமா?
– ஒரு வாசகி, ஜெர்மனி

பதில்: சகோதரி, முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பாடவேளை என்பது 45 நிமிடம். எனவே நீங்கள் படித்த 600 பாடவேளைகள் உண்மையில் 450 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிப்பதற்கென்றே ஒரு நிறுவனத்தை நடத்துகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ஸ்பானிஷ் கற்க ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி வேண்டும் என்றும், அதே நபர் தமிழ் கற்க ஏறத்தாழ 1100 மணி வேண்டும் என்றும் அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்கள் எட்ட நினைக்கும் நிலை பி1ஐவிட உயர்ந்தது என்பதால் இரண்டு கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் மொழிகளுக்கிடையே உள்ள தூரம் கற்கும் நேரத்தைக் கூட்டும் என்பது அதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. ஸ்பானிஷும் ருமேனியமும் ஜெர்மனும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அவர்கள் பாதி வழியில் புறப்பட்டார்கள், நீங்கள் முழுத் தூரத்தையும் நடந்தீர்கள். அப்படி நடந்து ஏ2 வரை வந்ததைத் தோல்வி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

வயதுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். உச்சரிப்பும் இலக்கண நுட்பமும் பிள்ளைகளுக்கு வாய்ப்பதுபோல் நமக்கு வாய்ப்பதில்லை. ஆனால் 1978இல் வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து டச்சு கற்ற ஆங்கிலம் பேசுவோரைப் பல வயதுப் பிரிவுகளில் வைத்துப் பார்த்தது. முதல் சில மாதங்களில் பெரியவர்களும் பதின்ம வயதினருமே வேகமாக முன்னேறினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்தான் பின்தங்கியிருந்தார்கள். குழந்தைகள் பிறகு முந்திச் செல்வது உண்மைதான். என்றாலும் பி1 என்பது தாய்மொழி பேசுபவரைப்போல் பேசுவதல்ல, அன்றாட வாழ்க்கையைத் தானே சமாளிக்கும் அளவுக்குப் பேசுவது. அதை எட்ட 41 வயது ஒரு தடையே அல்ல.

அடுத்ததாக, உங்கள் சான்றிதழை எடுத்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். அதில் கேட்டலும் வாசித்தலும் ஒரு பகுதியாகவும், எழுதுதல் ஒரு பகுதியாகவும், பேசுதல் ஒரு பகுதியாகவும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். மொத்தத்தில் பி1 கிடைக்கப் பேசுதலில் கட்டாயம் பி1 வேண்டும். மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றில் பி1 இருந்தால் போதும். பெரும்பாலான நம்மவர்களுக்கு எழுத்து நன்றாக வந்துவிடுகிறது, பேச்சில்தான் நின்றுவிடுகிறார்கள். உங்கள் நிலையும் அதுவானால், இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வாயைத் திறக்கும் நேரத்தைக் கூட்டினால் போதும்.

தமிழ் பேசுபவருக்கு இந்த மொழியில் எது எளிது, எது கடினம் என்பதை வகுப்பில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்பதைக் கண்டு ஆங்கிலம் தெரிந்தவர்கள் திணறுவார்கள். நமக்கு வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. நெருங்கியவரை ஒருமையிலும் மற்றவரை மரியாதையிலும் விளிக்கும் வேறுபாடும் அப்படியே. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவருக்கு அதை விளக்கவே தேவையில்லை. கடினம் எங்கே என்றால் பெயர்ச்சொல்லின் பாலில். நமக்கு உயர்திணைக்குத்தான் ஆண்பால், பெண்பால் உண்டு. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாவது பால். இதில் காரணம் தேடாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் சிறு சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள்.

இன்னொன்று, உங்கள் குறிப்பேடு. என் வகுப்பில் ஒரு பெண்மணி எல்லாச் சொற்களின் உச்சரிப்பையும் தமிழில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் ‘கார்ட்டன்’ என்று இருந்தது, எதிரே தோட்டம் என்று பொருள். நான்கு பக்கம் தள்ளி மறுபடி ‘கார்ட்டன்’, எதிரே அட்டைகள் என்று பொருள். இரண்டும் வேறு வேறு சொற்கள். தோட்டத்தின் முதல் எழுத்து ஒலிப்புடையது (g), அட்டைகளின் முதல் எழுத்து ஒலிப்பில்லாதது (k). நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘க’ என்பதால், அவர் மாதக்கணக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டார். அந்தப் பழக்கத்தை மாற்ற அவருக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. தமிழில் எழுதிக்கொள்வது தவறல்ல, ஆனால் அது மட்டுமே போதாது. சொல்லை ஒலிப்பதிவில் கேட்டுத் திரும்பச் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

இனி பேச்சுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் கடினமானது தொலைபேசி. எதிரில் இருப்பவரின் முகமும் கையசைவும் உதடும் தெரியாதபோது, நமக்குத் தெரிந்த சொற்கள்கூடக் காதில் விழாமல் போய்விடுகின்றன. செவ்வாய்க்கு ‘டீன்ஸ்டாக்’, வியாழனுக்கு ‘டொன்னர்ஸ்டாக்’. தொலைபேசியில் அவசரமாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணிலோ, இருபத்தொன்றை அவர்கள் ‘ஒன்றும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். 21க்கும் 12க்கும் இடையே மனம் ஒரு கணம் தடுமாறுவதற்குள் அழைப்பு முடிந்துவிடும். ஆகவே மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்கும் அந்த ஓர் அழைப்பை உங்கள் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய ஐந்து வாக்கியங்களைத் தாளில் எழுதுங்கள். அவர் சொன்ன நாளையும் நேரத்தையும் நீங்கள் திரும்பச் சொல்லி, ‘சரியா?’ என்று கேட்கும் வாக்கியம் அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். கணவரையோ தோழியையோ அழைக்கச் சொல்லாமல் நீங்களே அழையுங்கள். முதல் முறை குரல் நடுங்கும். அது எல்லாருக்கும் நடுங்கும்.

கேள்வி: நெதர்லாந்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். டச்சில் பேசத் தொடங்கினால் எல்லாரும் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், நெதர்லாந்து

பதில்: அவர்கள் மாறுவது உங்களுக்கு உதவும் எண்ணத்தில்தான், எனவே மனத்தாங்கல் வேண்டாம். ஆனால் நீங்களும் மாறிவிடாதீர்கள். ‘நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து டச்சிலேயே பேசுங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைத் தடையில்லாமல் சொல்லப் பழகுங்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்டாலும் நீங்கள் டச்சிலேயே பதில் சொல்லுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் பயிற்சி செய்யாமல், நேரமுள்ளவரிடம் செய்யுங்கள்: ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர், நூலகத்தில் நடக்கும் உரையாடல் குழு, உங்கள் பிள்ளையின் விளையாட்டுக் குழுவில் வந்து நிற்கும் பெற்றோர். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அங்கு குடியேறுவோர் பலருக்கு பி1ஐ இலக்காக வைத்திருக்கிறது; உங்களைப்போல் திறன்மிகு பணியாளராக வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பலர் பத்து ஆண்டுகள் வாழ்ந்தும் டச்சு பேசாமலேயே இருந்துவிடுவதற்கு அதுவே ஒரு காரணம் என்பது என் கருத்து. உங்களுக்கான காலக்கெடுவை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவுக்கு என் மனைவியும் நானும் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆங்கிலம் போதவில்லை. 11 வயது மகள்தான் மருத்துவமனையிலும் வங்கியிலும் எங்களுக்காகப் பேசுகிறாள். சென்ற மாதம் என் மனைவிக்கு வந்த கட்டியைப் பற்றி மருத்துவர் சொன்னதை அவள்தான் மொழிபெயர்த்தாள். அன்று இரவு அவள் தூங்கவில்லை. நாங்கள் செய்வது தவறா?
– ஒரு தந்தை, அமெரிக்கா

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. தவறு என்று உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேறு வழி இருப்பதாக யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் இது நிற்க வேண்டும், மருத்துவமனையில் நாளையே நிற்க வேண்டும்.

2010இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட நலவாழ்வுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின்கீழ் வந்த விதிகள், அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகள் நோயாளிக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. பாதுகாப்புக்கோ நலனுக்கோ உடனடி ஆபத்து உள்ள அவசர நிலை தவிர, சிறுவர் சிறுமியரை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்றும் அவை கூறுகின்றன. நேரில் ஆள் இல்லையென்றால் தொலைபேசியிலோ காணொலியிலோ ஏற்பாடு செய்யலாம். முன்பதிவு செய்யும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; பேச்சு வராதபோது காட்டினால் போதும்.

மகள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள் என்பதால் மருத்துவரின் பேச்சு அவளுக்குப் புரியும் என்று நினைத்துவிடுகிறோம். விளையாட்டுத் திடலின் ஆங்கிலம் வேறு, ‘திசுச் சோதனை’ என்ற சொல்லின் ஆங்கிலம் வேறு. தனக்குப் புரியாததை ஊகித்துச் சொல்லியிருக்கலாம்; புரிந்ததில் அம்மாவுக்குப் பயம் தரும் என்று தோன்றியதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும், அதன் சுமை அவள் மனத்தில் தங்கியிருக்கும். அன்று மருத்துவர் என்ன சொன்னார் என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம் நீங்கள் இருவரும் மறுபடி கேளுங்கள். பிறகு வீட்டில், அவள் செய்த உதவிக்கு நன்றி சொல்லி, இனி அந்தப் பொறுப்பு அவளுடையது அல்ல என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடையில் ஒரு பொருளின் பெயரைக் கேட்டுச் சொல்வது, பள்ளியிலிருந்து வந்த தாளை வாசித்துக் காட்டுவது போன்றவற்றை அவள் செய்யட்டும். அவற்றில் அவளுக்குப் பெருமைதான்.

கேள்வி: பிள்ளை பள்ளியில் பின்தங்குகிறான், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள் என்கிறார் ஓர் ஆசிரியை. அவன் வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது.
– ஒரு தாய், கனடா

பதில்: நிறுத்தாதீர்கள். நீங்கள் இருக்கும் கனடாவிலேயே பணியாற்றிய கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ், 1979 முதல் இந்த வேறுபாட்டை விளக்கிவருகிறார்: குடியேறிய பிள்ளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் சரளமாக உரையாடத் தொடங்கிவிடும், ஆனால் பாடநூலின் மொழியில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். ஒன்றரை ஆண்டில் அவன் பின்தங்கியிருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் ஆங்கிலம் இன்னும் தயங்கித் தயங்கி வரும் நிலையில், வீட்டில் அதை மட்டும் பேசினால், பிள்ளைக்குக் கிடைப்பது ‘வா, சாப்பிடு, தூங்கு’ என்ற அளவிலான மொழிதான். மழை ஏன் பெய்கிறது, தாத்தா ஏன் கோபித்துக்கொண்டார், இந்தக் கணக்கை வேறு எப்படிப் போடலாம் என்பதையெல்லாம் நீங்கள் தமிழில்தானே விரித்துச் சொல்ல முடியும்? ஒரு கருத்து தமிழில் விளங்கிவிட்டால், ஆங்கிலத்தில் அவன் கற்க வேண்டியது அதன் பெயரை மட்டுமே. அடுத்த நாள் வரப்போகும் பாடத்தை முந்தைய நாள் மாலையே அவனோடு தமிழில் பேசிப்பாருங்கள். ஆசிரியையிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. மகன் குடும்பத்தோடு இருக்க ஜெர்மனிக்கு வந்திருக்கிறேன். இந்த வயதில் மொழி கற்று என்ன ஆகப்போகிறது என்கிறார் என் கணவர். இவர்களுடைய பேச்சையும் பழக்கத்தையும் ஏற்றால் நாம் நாமாக இருக்கமாட்டோம் என்றும் அஞ்சுகிறார்.
– ஒரு வாசகி, ஜெர்மனி

பதில்: அம்மா, உங்கள் கணவரின் அச்சம் பொருளற்றதல்ல. கனடா நாட்டு உளவியலாளர் ஜான் பெரி, குடியேறுவோர் புதிய பண்பாட்டை எதிர்கொள்ளும் வழிகளை நான்காகப் பிரித்தார்: தன்னுடையதை விட்டுவிட்டுக் கரைந்துபோதல், தன்னுடையதை மட்டும் பற்றிக்கொண்டு ஒதுங்கியிருத்தல், இரண்டிலும் ஒட்டாமல் விளிம்பில் நின்றுவிடுதல், தன்னுடையதைக் காத்துக்கொண்டே புதியதிலும் பங்கெடுத்தல். உங்கள் கணவர் அஞ்சுவது முதலாவதை. நான் சொல்வது நான்காவதை. அந்த நான்காவது வழி வரவேற்கும் சமூகமும் கதவைத் திறந்தால்தான் முடியும் என்பதையும் பெரி சேர்த்தே சொன்னார். முழுப் பொறுப்பும் வந்தவர் தலையில்தான் என்று யாராவது பேசினால் அது நியாயமல்ல.

இதை ஜெர்மனியே காலம் தாழ்த்தி உணர்ந்திருக்கிறது. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து வரவழைத்த தொழிலாளர்களுக்கு, அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில், அந்நாடு தொடக்கத்தில் முறையான மொழி வகுப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. ஒருங்கிணைப்பு வகுப்புகள் 2005இல்தான் தொடங்கின. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தலைமுறையினருக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், அன்றாட வாழ்வில் பேச்சால் சமாளிக்க முடிந்தால் போதும் என்று விலக்கு அளித்தது. தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர்கள், முதுமையில் மருத்துவமனைப் படுக்கையில் தண்ணீர் கேட்கச் சொல் இல்லாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்களுக்குச் சான்றிதழ் இலக்கு வேண்டாம். வாரம் ஐந்து வாக்கியம் போதும். முதல் வாரத்துக்கு: ‘வணக்கம்’, ‘கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்’, ‘எனக்குப் புரியவில்லை’, ‘இங்கே வலிக்கிறது’, ‘என் மகனை அழையுங்கள்’. பேரப்பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கணவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு மாதம் கழித்து எவையெல்லாம் பயன்பட்டன என்று எனக்கு எழுதுங்கள்; அடுத்த இருபது வாக்கியங்களை அதைப் பார்த்துத் தருகிறேன்.