தும்மினால் சிறுநீர் கசிகிறது: கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. பள்ளி ஆசிரியை. இரண்டும் சுகப்பிரசவம். தும்மினாலோ, இருமினாலோ, சத்தமாகச் சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. போதாததற்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பதற்குள் அடக்க முடியாமல் அவசரமாக வருகிறது. பிபிக்கு ரேமிப்ரில் சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. சில மாதங்களாக வறட்டு இருமல் வேறு. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்பதால் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்கிறார் அண்ணி. எடுத்துவிடலாமா?

பதில்: கசிவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். சிறுநீரைப் பிடித்து வைப்பது கர்ப்பப்பையின் வேலையே இல்லை. கர்ப்பப்பை அடியிறங்கியிருந்தால் அது வேறு விஷயம். அதையும் மருத்துவர் நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. இருமும்போதும் தும்மும்போதும் கசிவது ஒரு வகை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தூளி கட்டியதுபோல அமைந்திருக்கின்றன. பிரசவம், உடல் எடை, மலச்சிக்கலில் முக்குவது, மாதவிலக்கு நிற்கும் வயது என்று பல காரணங்களால் அவை தளர்ந்துபோகும். அப்போது வயிற்றில் திடீரென்று அழுத்தம் ஏறினால் சிறுநீர்த்துளை தாக்குப்பிடிப்பதில்லை.

இங்கே உங்கள் இருமலைக் கவனியுங்கள். ரேமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். சளி இருக்காது, தொண்டை மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும். தளர்ந்த தசையை அந்த இருமல் நாள் முழுக்க இடித்துக்கொண்டிருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிபி எகிறிவிடும். பிபி பார்க்கும் மருத்துவரிடம் இருமலைச் சொல்லி, இது மாத்திரையால் வருவதா என்று கேளுங்கள். அப்படியென்றால் இருமல் தராத மாற்று மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம். பிபிக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துத் தந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவையும் சிறுநீரைக் கூட்டும். கசிவு என்று வருபவர்களிடம் மாத்திரைச் சீட்டை முதலில் கேட்பது இதற்காகத்தான்.

பூட்டைத் திறப்பதற்குள் வரும் அவசரம் இரண்டாவது வகை. பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அது நிறைவதற்கு முன்பே அதன் தசை தானாகச் சுருங்கிவிடுவதுதான் சிக்கல். தண்ணீரைக் குறைத்தால் இது குறையும் என்பது பலருடைய கணக்கு. நடப்பது நேர்மாறு. கெட்டியான மஞ்சள் சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கல் வரும், கிருமித் தொற்றும் சேரலாம். காலையிலிருந்தே பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். ஸ்டாஃப் ரூமில் அது கஷ்டம்தான், ஆனாலும் இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். (பள்ளியில் நல்ல கழிப்பறை கேட்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்திதான். வெட்கப்படாமல் கேளுங்கள்.)

சரி, பயிற்சிக்கு வருவோம். இரண்டு வகைக்கும் இது உதவும். நாலு பேர் நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவீர்களே, அப்போது இறுகும் தசைதான் இது. அதை உள்ளே, மேலே இழுப்பதுபோல இறுக்குங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஐந்து வினாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். போகப்போகப் பத்து வினாடிக்குக் கொண்டுபோகலாம். ஒரு வேளைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும். மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குபவர்களும் உண்டு, அது கசிவைக் கூட்டிவிடும். சந்தேகம் இருந்தால் இதில் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். தசை பிடிபட்டதும், தும்மல் வருகிறது என்று தெரிந்த நொடியே அதை இறுக்கிவிட்டுத் தும்மப் பழகுங்கள்.

அவசரம் வரும்போது ஓடாதீர்கள். அப்படியே நின்று, அதே தசையைப் படபடவென்று ஐந்தாறு முறை இறுக்குங்கள். அலை தணிந்ததும் நடந்து போங்கள். 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம்' என்று அடிக்கடி போகும் பழக்கத்தையும் விட்டுவிட்டு, இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக் கூட்டி நீட்டிக்கொண்டே போங்கள். மூன்று மணி நேரம் தாங்கினால் நல்லது. இதற்குக் குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது (ஒரு பழைய அளவுக் குவளை போதும்), எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது. இதுவே பாதி நோயைச் சொல்லிவிடும். சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சர்க்கரைப் பரிசோதனையையும் மறுபடி செய்துகொள்ளுங்கள். சிறுநீர் போனபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பதும் தேவைப்படலாம்.

பயிற்சியில் அடங்காத அவசரத்துக்கு சாலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள் உண்டு. முதலாவதில் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். இரண்டாவது பிபியைக் கூட்டலாம் என்பதால் உங்களுக்கு யோசித்துத்தான் தருவார்கள். இருமல் கசிவு மூன்று மாதப் பயிற்சிக்கும் அசையாவிட்டால், சிறுநீர்த்துளைக்கு அடியில் தாங்கல் வைக்கும் ஸ்லிங் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். அதிலும் கர்ப்பப்பையைத் தொட வேண்டியதில்லை.

வீட்டு ஆண்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கிப் போக வேண்டியிருந்தாலோ இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம். அது பிராஸ்டேட் வீக்கத்தால் பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். முதலில் யூராலஜி மருத்துவரைப் பார்க்கட்டும்.

உங்களுக்கும் சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், பேறுகால அல்லது கர்ப்பப்பை அறுவைக்குப் பின் இரவு பகலாக விடாத கசிவு என்றால் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, கசிவோடு கால்கள் பலமிழந்து தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.