மூக்கில் சதை மறுபடி வளர்கிறது: மூன்றாவது ஆபரேஷனா, ஊசியா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 43. மூக்கில் சதை என்று 2 முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. கொஞ்ச காலம் நன்றாக இருந்தேன். இப்போது மறுபடி இரண்டு பக்கமும் அடைப்பு. சாம்பார் அடிப்பிடித்தால்கூட வாசனை தெரிவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை போடும்வரை சுகம், நிறுத்தினால் பழையபடி. ஒருமுறை பல்வலிக்கு மாத்திரை போட்டு, மூச்சு இளைத்து நெபுலைசர் வைக்கும்படி ஆயிற்று. ஒரு டாக்டர் மறுபடி ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்கிறார். முதல் ஆபரேஷனையே ஒழுங்காகச் செய்யவில்லையோ?"

உங்கள் கடிதத்தில் மூக்கைவிட முக்கியமான விஷயம் அந்தப் பல்வலி மாத்திரை. ஆஸ்துமா, மூக்கில் சதை, வலி மாத்திரை ஒவ்வாமை மூன்றும் ஒரே ஆளுக்கு வருவதை 1922லேயே பிரெஞ்சு மருத்துவர் விடால் எழுதிவைத்தார். பின்னால் சாம்டர் என்ற மருத்துவரின் பெயரில் அது பிரபலமானது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாமே காக்ஸ்-1 என்ற நொதியைத் தடுப்பவை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அப்படித் தடுத்தால் லூக்கோட்ரையீன் என்ற பொருள் ஏகமாகச் சுரந்து மூக்கும் நுரையீரலும் சேர்ந்தே அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் மாத்திரை விழுங்கிய அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த மாத்திரை. அட்டையின் பின்பக்கம் படிக்காமல் இனி எதையும் விழுங்காதீர்கள். தனி பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பல் டாக்டர் உட்பட எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகம் தீர வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

இனி ஆபரேஷன். சதை திரும்ப வளர்ந்ததாலேயே டாக்டர் மீது பழி போட முடியாது. எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் இந்த ஆபரேஷன் சைனஸ் வாசல்களைத் திறந்து, மருந்து உள்ளே போக வழி செய்கிறது. உள்சவ்வின் அழற்சி அப்படியேதான் இருக்கும். அதற்கு என்ன காரணம் என்பதில் ஆராய்ச்சியாளர்களும் நிறைய அலைந்திருக்கிறார்கள். 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, நாள்பட்ட சைனஸ் நோயாளிகளில் 96 சதவீதம் பேரின் சளியில் பூஞ்சை இருப்பதாகச் சொன்னது. பூஞ்சையைக் கொன்றால் தீர்ந்தது என்று மூக்கை ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தால் கழுவிப் பார்த்தார்கள். 2006இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் பலன் இல்லை. நோய் இல்லாதவர் மூக்கிலும் பூஞ்சை இருக்கத்தான் செய்கிறது! ஆன்டிபயாடிக் கதையும் ஏறக்குறைய இதேதான். 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் குறைந்த அளவில் 3 மாதம் கொடுத்தும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரையைவிடப் பெரிய பலன் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஈசினோபில் என்ற வெள்ளணுவும் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களும்தான் பெரும்பாலும் அழற்சியை நடத்துகின்றன. டாக்டர் சொன்ன ஊசி டூபிலுமாப் ஆக இருக்கலாம். 4, 13 இரண்டின் வேலையையும் அது தடுக்கிறது. அமெரிக்காவில் 2019இல் மூக்குச் சதைக்கு அனுமதி கிடைத்தது. சதை சுருங்கும், வாசனை திரும்பும், இளைப்பும் குறையும். ஆனால் ஆய்வில் 24 வாரத்தோடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு நோய் மெல்லத் தலைதூக்கியது. ஆக, இது ஒரு கோர்ஸ் போட்டு முடிக்கிற மருந்தல்ல. விலையோ ஏராளம். எத்தனை மாதம் தாங்கும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டில் எதற்கும் முன்னால் நான் கேட்பது, தினமும் மூக்கு கழுவுகிறீர்களா? ஆபரேஷன் முடிந்து ஆறே மாதத்தில் இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். 240 மி.லி. வெதுவெதுப்பான நீர், அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. நீர் கொதிக்க வைத்து ஆறியதாகவோ டிஸ்டில்டு வாட்டராகவோதான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டுமே கூடாது. அமெரிக்காவின் லூயிசியானாவில் 2011இல் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். தொட்டியின் மேல் நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்துவைத்து, பாட்டிலை மெல்ல அமுக்குங்கள். பத்து நிமிஷம் கழித்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே: வலது கையால் இடது மூக்குக்கு, இடது கையால் வலது மூக்குக்கு, நுனி காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம்தான் கசியும். உங்களுக்கு ஆபரேஷனில் சைனஸ் வழி ஏற்கெனவே திறந்திருப்பதால், கழுவும் நீரிலேயே பியூடசோனைட் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது ஸ்ப்ரேயைவிட உள்ளே போகும். அளவை டாக்டர் எழுதித் தரட்டும். அடைப்பை நொடியில் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மட்டும் சில நாளுக்கு மேல் தொடாதீர்கள். அதுவே அடைப்பை உண்டாக்கும்.

இதை விடாமல் 3 மாதம் செய்தும் வாசனை வரவில்லையென்றால் சிடி ஸ்கேன் எடுங்கள். பழைய ஆபரேஷனில் திறக்காத சைனஸ் அறைகள் மிச்சமிருந்தால் மூன்றாவது ஆபரேஷனுக்கு நியாயம் உண்டு. எல்லாம் திறந்தே இருந்தும் சதை நிறைந்திருந்தால் நான் ஊசிப் பக்கம் சாய்வேன். 2020 ஐரோப்பிய வழிகாட்டி ஊசிக்குக் கேட்கும் தகுதிகளில் இருபக்கச் சதை, முந்தைய ஆபரேஷன், வாசனை இழப்பு எல்லாம் உங்களிடம் இருக்கின்றன, ஆஸ்துமாவையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 6 மாதம் போட்டும் மாற்றம் தெரியாவிட்டால் தொடர வேண்டாம். பணம் இடித்தால் ஆபரேஷனுக்குப் பின் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் ஆஸ்பிரினைப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். வலி மாத்திரை ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு மட்டுமே அது.

போகும்போது பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். சதையில் ஈசினோபில் எவ்வளவு என்று அதில் இருக்கலாம். ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கையை ஸ்டீராய்டு மாத்திரை ஓடும்போது பார்க்காதீர்கள், பொய்யாகக் குறைத்துக் காட்டும். அடைப்பு ஒரு பக்கம் மட்டும் என்று மாறினாலோ, ரத்தம் வந்தாலோ, கண் வீங்கினாலோ இந்த 3 மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.