களக்குறிப்பை இனவரைவியலாக (ஒரு சமூகத்தோடு இருந்து பார்த்ததை விவரிக்கும் ஆய்வாக) எழுதுவது: கேள்வி பதில்

களத்தில் கிறுக்கியதை எப்போது விரித்து எழுதுவது?

அன்றிரவே. ஒரு நாள் தள்ளினால் ஆட்கள் சொன்ன வார்த்தை போய்விடும், சாரம்தான் மிஞ்சும். ஒரு மணி நேரக் களத்துக்கு இரண்டு மூன்று மணி நேர எழுத்து வேலை உண்டு. அதற்கேற்பக் களநேரத்தைக் குறையுங்கள். எழுதி முடிக்கும்வரை பார்த்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். வாயால் சொன்ன கதைதான் பிறகு நோட்டிலும் ஏறும்.

விவரம் போதவில்லை என்கிறார் நெறியாளர்.

‘தலைவர் கோபப்பட்டார்’ என்று எழுதியிருப்பீர்கள். அது உங்கள் ஊகம். ‘தலைவர் பேனாவை மூடிவைத்தார், அடுத்த இரண்டு கேள்விக்கும் மேசையைப் பார்த்தபடி “ம்” என்றார்’ என்பதுதான் கண்டது. ஊகத்தைப் பகர அடைப்புக்குள் தனியாக வையுங்கள். பல கூட்டங்களில் இதே பேனா மூடப்பட்டால், அது கோபமே அல்ல, ‘விவாதம் முடிந்தது’ என்று அறிவிக்கும் முறை எனத் தெரியவரலாம். ‘கோபப்பட்டார்’ என்று மட்டும் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பேச்சிலும் இதே கறார் வேண்டும்: சொல்லுக்குச் சொல் பதிந்ததற்கு இரட்டை மேற்கோள், நினைவிலிருந்து எழுதியதற்கு ஒற்றை, சாரத்துக்கு எதுவும் வேண்டாம்.

400 பக்கம் சேர்ந்துவிட்டது. கோடிங் (குறிப்பின் வரிகளுக்குச் சிறு பெயரிட்டு வகைப்படுத்துவது) எப்படி?

முதலில் தேதி வரிசையில் முழுவதையும் வாசியுங்கள். பிறகு வரிவரியாக இந்தப் பெயரை (code) இடுங்கள். ‘அதிகாரம்’, ‘பாலினம்’ என்று வைத்தால் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும், ஒன்றும் பிடிபடாது. ‘கேள்வியைத் தள்ளிப்போடுதல்’ என்று செயலாக வையுங்கள். இடையில் தோன்றுவதை உடனே மெமோவாக, அதாவது உங்களுக்கான சிறு யோசனைக் குறிப்பாக எழுதுங்கள். பின்னால் அத்தியாயமாக வளர்வது பெரும்பாலும் இந்த மெமோதான்.

கட்டுரையில் களக்குறிப்பின் ஒரு பகுதியை எப்படிச் சேர்ப்பது?

எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி, இடமும் ஆட்களும், பகுதி, விளக்கம். விளக்கம் அந்தப் பகுதியின் சொற்களையே தொட்டுப் பேச வேண்டும். பகுதியை எடுத்துவிட்டாலும் வாதம் அப்படியே நின்றால், அது வெறும் அலங்காரம், தூக்கிவிடுங்கள்.

‘இவர்கள் நம்புகிறார்கள்’ என நிகழ்காலத்தில் எழுதலாமா?

தவிர்ப்பது நல்லது. அப்படி எழுதுவது அந்த மக்களைக் காலத்துக்கு வெளியே நிறுத்துகிறது என்று 1983இலேயே மானிடவியலாளர் யோகன்னஸ் ஃபேபியன் விமர்சித்தார். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. பதவி, வயது, ஒரு சம்பவம் மூன்றும் சேர்ந்தால் அங்குள்ளவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வாதத்துக்குத் தேவையில்லாத அடையாளங்களை நீக்குங்கள். புனைபெயர்ப் பட்டியலைக் குறிப்புகளோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள்.