மூடிய பிளாஸ்டிங் அறை: கேள்வி பதில்

கேள்வி: இதுவரை திறந்த வெளியில் காப்பர் ஸ்லாக் (செம்பை உருக்கும்போது மிஞ்சும் கசடு) கொண்டு பிளாஸ்டிங் செய்துவந்தோம், அதாவது உராய்பொருளைக் காற்றழுத்தத்தால் வீசி உலோகப் பரப்பின் துருவை நீக்கிவந்தோம். மூடிய அறைக்கு மாறினால் உண்மையில் என்ன மிச்சமாகும், ஐயா?

பதில்: உராய்பொருளின் செலவுதான் முதலில் குறையும். காப்பர் ஸ்லாக் ஒரு முறை மோதியதும் பெரும்பாலும் நொறுங்கிவிடுகிறது. அதை அள்ளி அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில்தான் விழுகிறது. அறைக்குள் ஸ்டீல் கிரிட் எனும் கூர்முனை எஃகுத் துகளைப் பயன்படுத்தினால், தரையில் விழும் கிரிட்டை ஸ்கிரேப்பரோ ஸ்க்ரூ கன்வேயரோ வாரிக்கொண்டு போய் பக்கெட் எலிவேட்டரில் சேர்க்கும். மேலே உள்ள செபரேட்டர் தூசியையும் தேய்ந்த துகளையும் காற்றால் பிரித்துவிட, நல்ல கிரிட் தொட்டியில் விழுந்து மறுபடியும் பிரஷர் பாட்டுக்கு, அதாவது ஹோஸுக்குக் கிரிட்டைத் தள்ளும் அழுத்தக் கலனுக்கு, வந்துசேரும். இவ்வாறு நூறு முறைக்கும் மேல் அது சுற்றிவரும்.

ஆனால் கிரிட்டோடு வேறு பலவும் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். எண்ணெய் படிந்த ஒரு கியர்பாக்ஸ் உறையைக் கழுவாமல் உள்ளே ஏற்றினால், அந்த எண்ணெய் கிரிட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வாரம் வரும் சுத்தமான தகட்டின் மேல் போய்ப் படியும். ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் பாதி அளவு கிரிட் எடுத்து, காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் குலுக்கிச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்துப் பாருங்கள். நீரின் மேற்பரப்பில் வண்ணம் காட்டும் மெல்லிய படலம் தெரிந்தால், அந்தக் கிரிட்டைக் கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கை அறைக்கு வெளியிலேயே கரைப்பானோ டிடர்ஜென்ட்டோ கொண்டு நீக்கிவிடுவதே வழி.

கேள்வி: அறை மூடியிருப்பதால் ஆற்று மணலையே பயன்படுத்தலாம் அல்லவா?

பதில்: கூடாது. மோதி உடையும் மணல், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்ணிய சிலிக்கா தூசியாக மாறுகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய் வந்தபின் அதைக் குணப்படுத்த வழியில்லை. வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதை பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடைசெய்துவிட்டது. தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

கேள்வி: வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அறைக்குள் எதுவும் தெரியாத அளவுக்குத் தூசி மண்டிவிடுகிறது. பெரிய ஃபேன் போட்டால் தீருமா?

பதில்: ஃபேனை மாற்றுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, டஸ்ட் கலெக்டரின் அழுத்த வேறுபாட்டு மீட்டர். அளவு ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர் அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் ஃபில்டரை உதறிச் சுத்தம் செய்யும் பல்ஸ் காற்றில் உள்ள ஈரம்தான் தூசியைக் களியாக்கி ஒட்டவைத்திருக்கும். அளவு திடீரென இறங்கினால் ஃபில்டர் கிழிந்திருக்கக்கூடும். அது இன்னும் மோசம். இரண்டாவது, செபரேட்டர். அதன் பார்வைக் கதவைத் திறந்து, கிரிட் விழும் விதத்தைக் கவனியுங்கள். முழு அகலத்திற்கும் இடைவெளியில்லாத திரையாக அது விழ வேண்டும். ஓர் ஓரத்தில் திரை கிழிந்திருந்தால் காற்று அந்த இடைவெளி வழியாகவே ஓடிவிடும். மறு ஓரத்தில் தூசி பிரியாமல் கிரிட்டோடு திரும்பி வரும். பல அறைகளில் நோய் இங்கேதான் இருக்கிறது. பழி மட்டும் ஃபேன் மேல் விழுகிறது. மூன்றாவது, காற்று நுழையும் வழிகள். வெளிக்காற்று தடையின்றி உள்ளே வரும் வழிகள் அடைபட்டிருந்தால் எந்த ஃபேனும் பயன் தராது.

இவை மூன்றும் சரியாக இருந்தால் கணக்குக்கு வரலாம். கிடைமட்டக் காற்றோட்டம் உள்ள அறைகளில் நொடிக்கு 0.3 முதல் 0.5 மீட்டர் வேகம் வழக்கம். உங்கள் அறை 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்டதாயின், 0.4 மீட்டர் வேகத்திற்கே மணிக்கு ஏறத்தாழ 23,000 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். வேகத்தை மிகுதியாக்கினால் நல்ல கிரிட்டும் கலெக்டருக்குப் போய்விடும்.

கேள்வி: காற்றோட்டம் நன்றாக இருக்கும் அறையில் காற்று வரும் ஹெல்மெட் கட்டாயமா?

பதில்: கட்டாயம். கிரிட்டைப் பீய்ச்சும் நாசிலை நிறுத்தியவுடன் ஹெல்மெட்டைக் கழற்றவும் கூடாது. மிக நுண்ணிய தூசி மிக மெதுவாகத்தான் அடங்கும்.

கேள்வி: கிரிட்டைவிட ஷாட் நீண்ட நாள் உழைக்கிறது. எல்லாரும் கிரிட்டையே பரிந்துரைப்பது ஏன்?

பதில்: ஷாட் உருண்டையானது. அது மேற்பரப்பைச் சிறு குழிகளாகத் தட்டுகிறதே தவிர, கூர்மையான மேடுபள்ளங்களை வெட்டுவதில்லை. தடிமனான பூச்சுக்கும் உலோகத் தெளிப்புக்கும் அந்தக் கூர்மை தேவை.

அதே வாசகர்: சுழலும் சக்கரத்தால் உராய்பொருளை வீசும் எங்கள் வீல் பிளாஸ்டிங் இயந்திரத்தில் ஷாட்தான் ஓடுகிறது. பிரைமர் நன்றாகவே பிடிக்கிறது. தாங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

பதில்: புதிய தகட்டின் மில் ஸ்கேலை (சூடாக உருட்டும்போது படியும் ஆக்சைடு அடுக்கு) உடைக்க ஷாட் மிகவும் பொருத்தமானது, அதன்மேல் மெல்லிய ஷாப் பிரைமர் பிடிப்பதிலும் வியப்பில்லை. அதை வைத்துக்கொண்டு, தொட்டியின் உட்புறத்தில் தடிமனான எப்பாக்சி பூசுபவருக்கும் ஷாட்டையே பரிந்துரைக்க முடியாது. இரண்டும் Sa 2½ என்ற சுத்தத் தரமாகவே மதிப்பிடப்படலாம். அந்தத் தரத்தை வகுக்கும் ஐஎஸ்ஓ 8501-1 கண்ணுக்குத் தெரியும் சுத்தத்தைச் சொல்கிறதே ஒழிய, மேற்பரப்பின் வடிவத்தைச் சொல்வதில்லை.

இன்னொரு வாசகர்: அப்படியானால் மேடுபள்ளத்தின் ஆழம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும் அல்லவா? நாங்கள் மிகப் பெரிய கிரிட்டையே போடுகிறோம்.

பதில்: இல்லை. பல பூச்சுகளுக்கு 50 முதல் 75 மைக்ரான் ஆழம் கேட்கப்படுகிறது. அதைத் தாண்டி வெட்டினால், மெல்லிய பூச்சில் முகடுகள் மூடப்படாமல் நிற்கும்; துரு அந்த முனைகளில்தான் முதலில் புள்ளி வைக்கும். மேடுபள்ளத்தின் அச்சைப் பதியும் ரெப்ளிகா டேப் வைத்து அளந்துவிட்டு, பூச்சின் தரவுத்தாளோடு ஒப்பிடுங்கள். மேலும், அறையில் சுற்றும் கிரிட் ஒரே அளவில் இருக்கக் கூடாது. பெரியவை ஸ்கேலை உடைக்கும், சிறியவை பள்ளங்களைத் துடைக்கும். ஆகவே புதிய கிரிட்டைச் சிறிது சிறிதாக அடிக்கடி சேர்க்க வேண்டும். தொட்டி வற்றியபின் மொத்தமாகக் கொட்டினால் ஆழம் திடீரென எகிறும்.

ஷாட் நண்பர் மீண்டும்: கலந்து போட்டால்?

பதில்: போடலாம். ஆனால் கலவையை அளந்து பராமரிக்கும் ஆள் வேண்டும்.

கேள்வி: அதே அறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அலுமினியத்தையும் செய்யலாமா?

பதில்: ஸ்டீல் கிரிட் சுற்றும் அறையில் கூடாது. மேற்பரப்பில் பதியும் இரும்புத் துகள் பின்னர் துருக்கறையாக வெளிப்படும். உராய்பொருளாகக் கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு, அதற்கெனத் தனி அறை, இரண்டும் வேண்டும். அலுமினியத் தூசி வெடிக்கக்கூடியது. துருத் தூசியோடு கலந்தால் கடும் வெப்பத்தோடு எரியவும் கூடும். அந்தத் தூசியைப் பழைய கலெக்டருக்குள் அனுப்பாதீர்கள்.

கேள்வி: கம்ப்ரசர் போதவில்லை. பெரியது வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் நாசிலின் துளையை அளந்து பாருங்கள். 7 பார் அழுத்தத்தில் 9.5 மி.மீ. துளை நிமிடத்திற்கு ஏறத்தாழ 5.5 கன மீட்டர் காற்றை எடுக்கும்; 12.7 மி.மீ. துளை 9.5 கன மீட்டருக்கும் மேல் எடுக்கும். துளை 1.5 மி.மீ. தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சிறிய வேலைக்குச் சாதாரண முகக்கவசம் போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். போதாது. கூடுதலாக ஒன்று: எண்ணெயிட்ட கம்ப்ரசர் சூடேறினால் ஹெல்மெட்டுக்கு வரும் காற்றிலேயே கார்பன் மோனாக்சைடு வரலாம், சாதாரண எண்ணெய் ஃபில்டர் அதைத் தடுக்காது. எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துங்கள்.

கேள்வி: கடலோரத்தில் கிடந்த பழைய தகடுகள் பிளாஸ்டிங்குக்குப் பின் சில மணி நேரத்தில் கறுக்கின்றன.

பதில்: உப்பு. உலர் பிளாஸ்டிங் அதை முழுமையாக நீக்காது, குழிகளுக்குள்ளும் தள்ளிவிடும். நன்னீரால் உயர் அழுத்தத்தில் கழுவிய பின் பிளாஸ்டிங் செய்து, பரப்பில் எஞ்சிய உப்பை நீரில் எடுத்து அளக்க உதவும் பிரெஸில் பேட்ச் வைத்துச் சோதியுங்கள். பூசும்போது தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த நிறுவனத்தின் எப்பாக்சி நல்லது?

பதில்: பூச்சுத் துறையினரிடம் கேளுங்கள்.

கேள்வி: டெட்மேன் பிடியை நாள் முழுதும் அழுத்திக்கொண்டிருந்தால் கை மரத்துப்போகிறது. கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். ஹெல்மெட் போட்டுத்தான் வேலை செய்கிறோம்.

பதில்: ஹோஸ் கையிலிருந்து நழுவினால் காற்றை நிறுத்துவது அந்தப் பிடி ஒன்றுதான். கட்டியிருந்தால் நாசில் அறை முழுவதும் சுழன்றடிக்கும். ஹெல்மெட் அதற்கு ஈடு கொடுக்காது. கம்பியை இப்போதே அறுத்துவிடுங்கள். கை வலிக்கு ஆட்களை முறை வைத்து மாற்றுங்கள்.