பி.எஃப். இல்லாத அம்மாவுக்கு என்ன வழி?

தம்பி, இருபது வருடம் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்த்த அம்மாவுக்கு 61 வயதில் பென்ஷன் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டறையில் ஆறே பேர் என்கிறீர்கள், சிக்கலே அங்குதான். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பத்துப் பேர், பென்ஷனும் சேர்ந்து வரும் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் இருந்தால்தான் சட்டம் கட்டாயப்படுத்தும். சந்தா கட்டியவருக்கே பலன் என்கிற காப்பீடு பல நாடுகளிலும் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறது. பிரேசில் கொஞ்சம் மாற்றி யோசித்தது: 1991 சட்டத்தின்படி, சிறு விவசாயி சந்தா ரசீதுக்குப் பதிலாக, நிலத்தில் உழைத்ததற்குச் சான்று காட்டினால் போதும், பெண்களுக்கு 55 வயதிலேயே ஓய்வூதியம். கல் வார்த்துக் காய்த்த கைகளே சான்று என்றால் நம் அம்மாக்களுக்கு வேறு காகிதமே வேண்டாம்!

இங்கே உங்களுக்கு மிஞ்சியிருப்பது சந்தா கேட்காத முதியோர் உதவித்தொகை. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்துடன் காரைக்குடி இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது ஆதரவற்றோருக்கானது என்பதால் உங்கள் வருமானத்தையும் விசாரிப்பார்கள்; மறைக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். என் பெரியம்மாவுக்கு அதைக் காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.